ஏழாவது வாரம்

அக்கா மகள் போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தாள். கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "சித்தி, ஸ்கூல் பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற சேவைத் திட்டம் ஒண்ணு இருக்கு. வாரத்துக்குப் பத்து மணி நேரம். ரெண்டு வருஷம் இருக்கணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணும். சேரட்டுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். நானும் ஒரே மூச்சில் பதில் சொன்னேன். "முதல் வருஷம் வேண்டாம். படிப்பைப் பாரு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "சரி சித்தி" என்று வைத்துவிட்டாள்.

அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னது சரியா தப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு நான் காட்டிய காரணம் உண்மையில்லை, அதுதான் உறுத்தியது. அவள் மதிப்பெண் குறைந்துவிடும் என்ற பயம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், இதே போன்ற ஒரு திட்டத்தில், இதே போல மூன்றாவது வாரத்தில் நான் பேர் கொடுத்தேன். இரண்டு வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான்கு மாதத்தில் விலகினேன். என் படிப்புக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அடி விழுந்தது வேறொருவருக்கு. அதை அவளிடம் சொல்வதற்குப் பதிலாகப் படிப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டேன். இதுவரை யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

காலியாகத் தெரிந்த நேரம்

பள்ளியை முடித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழையும் முதல் சில வாரங்களில் நேரம் கொட்டிக் கிடப்பது போல இருக்கும். அதுவரை மணியடித்து மணியடித்து யாரோ நம் நாளை நடத்திக்கொண்டிருந்தார்கள். எழுப்பிவிட ஒருவர், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்க ஒருவர். கல்லூரியில் பதினொரு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கும், அப்புறம் மூன்று மணிக்கு ஒன்று. நடுவே இருக்கும் நேரம் எதற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது சும்மா இருக்கும் நேரம் என்றே நான் நினைத்தேன். ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரமாவது படிக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்குப்படி, வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பு என்றால் மொத்தம் 45 மணி நேரம் படிப்புக்கு. காலியாகத் தெரிந்த அந்த நடுமதிய நேரம் உண்மையில் காலி இல்லை. அதன் சொந்தக்காரர் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இருந்தும் காகிதத்தில் கணக்குப் போட்டால் எல்லாம் இடிக்காமல் பொருந்தும். நானும் போட்டேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56. படிப்புக்கு 45. சாப்பாடு, குளியல், துணி துவைப்பது, போக்குவரத்து என்று தாராளமாக 30. இன்னும் 37 மணி நேரம் மிஞ்சுகிறது. அதில் பத்து மணி நேரத்தை எடுத்துக் கொடுக்க முடியாதா என்ன? அந்தத் தாளை வெகு நாள் வைத்திருந்தேன். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை.

பத்து மணி நேரம் என்பது எவ்வளவு என்றே அப்போது எனக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்தியாவில் 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஒரு மாணவரிடம் எதிர்பார்ப்பது இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஒரு வார முகாம். அமெரிக்காவின் அமெரிகார்ப்ஸ் என்ற தேசிய சேவைத் திட்டத்தில் முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு வருடத்துக்கு 1,700 மணி நேரம். அதைப் பெரும்பாலும் படிப்போடு சேர்த்துச் செய்வதில்லை, வருடத்தையே அதற்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். கல்லூரி வருடத்தை முப்பது வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரம் பத்து மணி நேரம் என்பது வருடத்துக்கு 300, இரண்டு வருடத்துக்கு 600. முழுநேரப் படிப்போடு சேர்த்து இதைச் சுமக்க வேண்டும். நேர்காணலில் என்னிடம் "ஏன் சேவை செய்ய விரும்புகிறாய்?" என்று கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னேன், அதில் பொய்யும் இல்லை. "உனக்குத் தேர்வுகள் எந்த வாரம் வருகின்றன?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரியாமல் விழித்திருப்பேன்.

வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் போடும் கணக்கு எப்படிப் பொய்க்கிறது என்பதைப் பற்றி ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பாய் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள். உண்மையில் முடிக்க ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன நாளைக்கூடத் தாண்டிவிட்டது. அவர்கள் கல்லூரியில் வருடக்கணக்கில் படித்தவர்கள், தங்கள் வேகம் என்னவென்று ஓரளவு தெரிந்தவர்கள். மூன்றே வாரம் கல்லூரி பார்த்த பிள்ளையிடம் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் அது எதை வைத்துக் கணக்குப் போடும்?

ஏழாவது வாரம்

எனக்குக் கொடுத்த பையனுக்கு ஒன்பது வயது. விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் வாசிப்பான். தெரியாத சொல் வந்தால் நிற்க மாட்டான். படத்தைப் பார்த்துப் பொருத்தமான ஒரு சொல்லைத் தானே போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவான். கேட்பவருக்கு அவன் வாசிப்பது போலவே இருக்கும். முதல் இரண்டு வாரம் எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் படமில்லாத பக்கத்தைக் கொடுத்தேன். அவன் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒளித்து வைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவனுக்குப் புரிந்தது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நாம முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் தப்பாக வாசிக்கக் கூச்சப்படவில்லை. தப்பாக வாசிக்க ஒருவர் முன்னால் கூச்சமில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வாசிப்பில் தடுமாறிய யாருக்கும் தெரியும்.

செவ்வாய், வியாழன் சாயங்காலம், சனிக்கிழமை முழுக்க. முதலில் எல்லாம் நன்றாகவே போனது. செமஸ்டரின் ஏழாவது வாரத்தில் மூன்று இன்டர்னல், ஒரு அசைன்மென்ட், பாதி கூட எழுதாத இரண்டு ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்ந்து வந்தன. அப்போதுதான் காகிதக் கணக்கில் எது விட்டுப்போனது என்று தெரிந்தது. மிஞ்சும் 37 மணி நேரம் என்று எழுதியிருந்தேனே, அது ஒவ்வொரு வாரமும் மிஞ்சாது. ஒரு வாரம் ஐம்பது மிஞ்சும், ஒரு வாரம் ஒன்றுமே மிஞ்சாது. படிப்பு ரப்பர் மாதிரி நீளும், சுருங்கும். செவ்வாய்க்கிழமை நாலு மணி நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அந்த வாரம் முதலில் தூக்கத்தைச் சுருக்கினேன். பிறகு சாப்பாட்டை. அதற்கும் மேல் சுருக்க எதுவும் இல்லாதபோது செவ்வாய்க்கிழமையை விட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். இல்லாத காய்ச்சல்.

ஒரு நாளோடு போயிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு தடவை போகாமல் இருந்ததும் அடுத்த தடவை போவது கடினமாகிவிட்டது. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்பார்களே என்ற கூச்சம். அடுத்த வாரம் வியாழன் மட்டும் போனேன். அதற்கு அடுத்த வாரம் போகவில்லை. விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்து, செமஸ்டர் முடியும்போது பொறுப்பாளருக்கு நான்கு வரியில் ஒரு செய்தி அனுப்பினேன். படிப்புச் சுமை, மன்னிக்கவும், நல்ல அனுபவம், நன்றி. அவர் பெருந்தன்மையாகவே பதில் அனுப்பினார். எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து வந்த பிறகு பார்த்தால், வாசிப்பு மையத்தின் கதைப் புத்தகங்கள் ஐந்து என்னிடமே தங்கிவிட்டிருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டுமென்றேதான் செவ்வாய்க்கிழமை தவிர்த்து வேறொரு நாள் போனேன். ஆனாலும் அவன் இருந்தான், நாளை மாற்றியிருந்தார்கள். ஒரு புது மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் போட்ட புத்தகம். அவன் விரல் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது, அந்த மாணவர் "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் பழையபடி படத்தைப் பார்த்து ஒப்பேற்றுகிறான் என்பது வாசலில் நின்ற எனக்குத் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை, சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு விரலை நகர்த்தினான்.

பொறுப்பாளரிடம் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். என்னைக் குத்திக்காட்ட நினைத்து அவர் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். "நல்லாத்தான் இருக்கான். உனக்கு முன்னாடி ரெண்டு பேர் போயிருக்காங்க, நீ மூணாவது. இப்பல்லாம் புதுசா யார் வந்தாலும் அவன் பேர் கேக்கறதில்ல."

முதல் நாள் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என் பெயர்தான். அதைத் தன் நோட்டின் பின் அட்டையில் எழுதிக் காட்டச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். அவன் திணறாமல் வாசித்த முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

யாருடைய நேரம்

பல வருடங்கள் கழித்து, ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஒரு ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரைத் துணையாக இணைத்துவிடுவார்கள். வாரம்தோறும் வந்து பழகுவதுதான் அவர் வேலை. பத்து முதல் பதினாறு வயது வரையிலான 1,138 பிள்ளைகளை வைத்து, இந்தத் துணை எவ்வளவு காலம் நீடித்தது, அதனால் என்ன ஆனது என்று பார்த்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த இடங்களில்தான் அதிக நன்மை. அதற்கு முன்பே முடிந்தவற்றில் நன்மை படிப்படியாகக் குறைகிறது. மிகக் குறுகிய காலத்தில் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகள் சில விதங்களில் முன்பிருந்ததைவிடப் பின்தங்கிப் போயிருந்தார்கள். கொஞ்சமாவது செய்தேனே என்று அதுவரை என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது எப்போதும் மேல் என்று எல்லாரும் சொல்வோமே, ஒரு பிள்ளையோடு பழகும் வேலையில் அது செல்லாது. மரம் நடப் போனால் நாலு மரம் நட்டுவிட்டு வரலாம், நட்டவரை லாபம். ரத்தம் ஒரு தடவை கொடுத்தாலும் கொடுத்ததுதான். ஒரு பிள்ளையிடம் "நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போவதை அப்படிக் கணக்கில் வைக்க முடியாது.

அதனால்தான் "எனக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டு முடிவெடுப்பது போதாது என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியில் நான் மட்டும்தான் இருக்கிறேன். எதிரே உட்காரப்போகும் ஆள் அதில் இல்லை. என் நேரத்தை நான் கொடுக்கிறேன், முடியாதபோது திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்ற நினைப்புதான் என்னை அவ்வளவு சுலபமாகச் செய்தி அனுப்ப வைத்தது. கையெழுத்துப் போட்ட அன்றே செவ்வாய்க்கிழமை நாலு மணி அவனுடையதாகிவிட்டது. அவனுடையதை அவனிடம் கேட்காமல் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு ஆய்வும் இந்த நாட்களில் அடிக்கடி ஞாபகம் வந்தது. 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்தியது. சிறு உரை நிகழ்த்த வேறொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவது போல ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லி அனுப்பியவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களும் அதில் இருந்தார்கள், அது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. இரக்கம் இல்லாதவர்கள் அவர்கள் என்று இதை நான் படிக்கவில்லை. அவசரத்தில் இருக்கும் மனிதருக்குத் தன் இரக்கம் கைக்கு எட்டாமல் போகிறது. ஏழாவது வாரத்தில் எனக்கு நடந்தது அதுதான். மூன்றாவது வாரத்தில் இருந்த அன்பு எங்கும் போய்விடவில்லை, நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

நேரத்தைப் பிறருக்குக் கொடுப்பவர்களுக்குத் தங்களிடம் நேரம் அதிகமாக இருப்பதாகத் தோன்றும் என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வை நண்பர் ஒருவர் எடுத்துக் காட்டினார். உண்மைதான், நல்ல நாட்களில் நானும் அதை உணர்ந்திருக்கிறேன். மையத்திலிருந்து திரும்பும்போது நாள் அகலமாகியிருக்கும். ஆனால் அந்தச் சோதனைகளில் ஆட்கள் கொடுத்தது ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரைதான். வாரம் பத்து மணி நேரத்துக்கு அதே பலனை எதிர்பார்த்து ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. பகுதிநேர வேலை செய்துதான் படிக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் மாணவருக்கு இந்தப் பேச்சே வேறு. சேர முடியாத அவரைச் சேவை மனம் இல்லாதவர் என்று யாரும் எடைபோட்டுவிடக் கூடாது.

மறுபடியும் அழைத்தேன்

மறுநாள் காலையில் நானே அவளைக் கூப்பிட்டேன். "நேத்து நான் சொன்ன காரணம் பொய்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் "அப்போ சேர வேண்டாமா சித்தி?" என்றாள். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. நான் விட்டதால் அவளும் விடுவாள் என்று யார் சொன்னது? என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி மூன்று வருடமும் இருந்தாள். அவள் என்னைவிட நல்லவள் என்பதால் இருந்தாள் என்று நான் நினைக்கவில்லை. முதல் செமஸ்டர் முழுக்க வெறுமனே மையத்துக்குப் போய்வந்து, அலமாரி அடுக்கி, வராதவர்களுக்குப் பதிலாக உட்கார்ந்து, தன் வாரம் எப்படி நீள்கிறது சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது செமஸ்டரில்தான் ஒரு பிள்ளையை ஏற்றாள். அப்போது எனக்கு அது ஆர்வக் குறைவாகப் பட்டது.

அக்கா மகளிடம் மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொன்னேன். போன வருடம் பாதியில் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்று திட்டத்தை நடத்துபவர்களிடம் நேராகக் கேள் என்றேன். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். ஒருவர் வர முடியாத அன்று அந்தப் பிள்ளைக்கு யார் இருப்பார்கள் என்று கேள் என்றேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேரைப் பழக்கிவைத்திருக்கும் இடம் என்றால் அங்கே ஏழாவது வாரத்தைப் பற்றி யாரோ முன்பே யோசித்திருக்கிறார்கள். எங்கள் மையத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் நான் பொய்க் காய்ச்சல் சொல்ல வேண்டியிருந்திருக்காது, முடியவில்லை என்று சொல்லியிருப்பேன். மூன்றாவதாக, ஆள் சேர்க்க வரும் சீனியர்களை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு வருடமாக ஓசையில்லாமல் போய்வந்துகொண்டிருக்கும் யாரையாவது தேடிப்பிடித்து, "தேர்வு வாரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். அப்புறம், பேர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்றும்.

விட்டார்கள். போய்விட்டு வந்து அன்று இரவே அழைத்தாள். போன வருடம் சேர்ந்த இருபது பேரில் ஒன்பது பேர்தான் இப்போது இருக்கிறார்கள் என்று பொறுப்பாளர் மறைக்காமல் சொன்னாராம். இந்த வருடத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் என்று மாற்றுகிறார்களாம். முதல் செமஸ்டருக்குப் பதிலாள் பட்டியலில் தன் பேரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டாவது செமஸ்டரில் முடிந்தால் பிள்ளையை ஏற்பது, முடியாவிட்டால் பதிலாளாகவே இருந்துவிடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏழாவது வாரம் வரும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல், எதுவும் அறிவுரை சொல்ல மாட்டேன், கேட்டுக்கொள்கிறேன் என்றேன். சரி என்றாள். இந்தத் தடவை அந்தச் சரியில் ஏமாற்றம் இல்லை.

பேசி முடிக்கும் நேரத்தில், "சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "அந்தப் பையன் பேர் என்ன?"

இத்தனை வருடத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வழியில்லாமல் நான் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் குரல் எழவில்லை. அவள் காத்திருந்தாள். அவன் பெயரைச் சொன்னேன்.